எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மாலை வகுப்பு

என் மகன் பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டிருந்தான். என்னால் இன்னும் அவனை ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. தலைப்பிரசவத்துக்குக் கிருஷ்ணகிரிக்குப் போன என் மனைவியைத் திருப்பி அனுப்ப அவள் அப்பா மறுத்துவிட்டார். காரணம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் தேர்ந்தெடுத்த படிப்பு.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் இன்று பார்க்கிற பெரிய ஆலைகள் அன்று முளைத்திருக்கவில்லை. பெங்களூர் ஆலைகளுக்கு போல்ட்டும் நட்டும் செய்து அனுப்புகிற ஒரு தகரக் கொட்டகையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். முடித்தவன். அது போதாது என்று முதலாளி ஒருநாள் என் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"கொட்டகைய பெருசு பண்ணப்போறேன்யா. நிர்வாகம்னு தனியா ஒரு படிப்பு வந்திருக்காமே, அது படிச்ச ஆளு ஒண்ணு வேணும். நீ படிச்சா நீ மேனேஜர். இல்லேன்னா வெளியிலேர்ந்து ஒருத்தன எடுத்துக்குவேன். அப்புறம் அவனுக்கு நீ சலாம் வெக்கணும், பாத்துக்க."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படிக்க வேண்டும் என்பது சரி, எதைப் படிப்பது? கேட்கக் கேட்கக் குழப்பம்தான் வளர்ந்தது. வடக்கே ஒரு பெரிய நகரத்தில் விடுதியிலேயே தங்கி இரண்டு வருடம் படிக்கிற படிப்பு ஒன்று இருந்தது. அதற்கு வேலையை விட வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளை யாரிடம் விடுவது? சென்னைக்குப் போய் எம்.காம். படிக்கலாம் என்றால் அங்கேயும் அதே கதை. கிருஷ்ணகிரிக் கல்லூரியில் இருந்த ஒரு விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தேன். "எம்.காம். படிச்சா என்னைய மாதிரி எம்.காம். பாடம் நடத்தலாம் தம்பி. கம்பெனிய நடத்த முடியாது" என்று சொல்லிவிட்டு அவரே வெகுநேரம் சிரித்தார். தபால் வழிப் படிப்பு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பாடத்தை உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். மனிதர்களை வைத்து வேலை வாங்குவதை ஒரு மனிதரையும் பார்க்காமல் எப்படிக் கற்றுக்கொள்வது? அதையும் ஒதுக்கினேன்.

மிஞ்சியது பெங்களூரில் மாலை வகுப்பு. மூன்று வருடம். பகலில் வேலை பார்க்கிறவர்களுக்கென்றே வைத்தது. முதலாளி முன்கூட்டியே போக அனுமதி கொடுத்தார். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர். என் வாழ்க்கைக்கென்றே தைத்த சட்டை போல இருந்தது அந்தப் படிப்பு.

அந்த வகுப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. எல்லாரும் வேலையிலிருந்து நேரே வந்தவர்கள். ஒருவர் நகத்தில் கிரீஸ், ஒருவர் காலரில் பருத்திப் பஞ்சு. நடத்தியவரே பகலில் ஓர் ஆலையில் அதிகாரி. வேலைநிறுத்தம் பற்றிப் பாடம் என்றால் அன்று காலையில் தன் ஆலை வாசலில் நடந்ததைச் சொல்லி, "நீங்கள் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்பார். நாங்கள் கத்துவோம். மேசையைத் தட்டுவோம். என் தகரக் கொட்டகையில் தினமும் பார்த்துக்கொண்டிருந்த சங்கதிக்கெல்லாம் அங்கே ஒரு பெயர் இருந்தது, ஒரு காரணம் இருந்தது. இருட்டறையில் யாரோ ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிடுகிற மாதிரி. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருந்தேன்.

கேடு திரும்பி வருகிற பஸ்ஸில் இருந்தது.

நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. எல்லை தாண்டினால் மைசூர் மாநிலம், அங்கே கடை திறந்திருந்தது. ஓசூரிலும் கெலமங்கலத்திலும் தாகம் எடுத்தவன் எல்லாம் அத்திப்பள்ளிக்குப் போய்க் குடித்துவிட்டு என் பஸ்ஸில் ஏறுவான். வேறு பஸ் எனக்குக் கிடையாது. பாட்டும் வாந்தியும் அழுகையுமாக வண்டி நகரும். எல்லைச் சாவடியில் நம் போலீஸ் ஏறி ஒவ்வொருவனாக ஊதச் சொல்லும். மாட்டியவன் எட்டணாவைத் திணித்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். முதல் வாரம் என்னையும் ஊதச் சொன்னார்கள். பிறகு பழகிவிட்டது. அந்த நாற்றம் குடலைப் புரட்டியதால் நான் இரண்டு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ள ஆரம்பித்தேன். குடிக்கிறவர்களும் வாசம் தெரியாமலிருக்க அதைத்தான் மெல்லுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு கொத்தனார் எனக்கென்று தினமும் இடம் பிடித்து வைப்பார். தெலுங்கு பேசுகிற நல்ல மனிதர், நிதானம் இருக்கும் வரைக்கும். ஓசூரில் எழுப்பி இறக்கிவிடுவேன் என்பதற்காக அந்தச் சலுகை. அப்படி ஒருநாள் அவரைத் தோளில் தாங்கி நான் இறங்கியதை எங்கள் கிருஷ்ணகிரி தேவாலயச் சபைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செய்தி என் மாமனார் காதுக்குப் போய்விட்டது.

மாமனார் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குடிக்கு எதிராகச் சபையில் வாலிபர்களுக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்கிறவரே அவர்தான். மனைவியையும் பிள்ளையையும் கூட்டிவரப் போன என்னைக் கூடத்தில் உட்காரவைத்தார். காபி வந்தது. அவர் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையில என்னா மாப்ளே?"

"ஏலக்காய், மாமா. பஸ்ஸுல ஒரே நாத்தம், அதுக்காக…"

"நாத்தம் பஸ்ஸுலயா, வாயிலயா?"

"மாமா, நான் படிக்கப் போறேன். சாயங்கால காலேஜு."

"நானும் முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல இருந்தவன்தான். காலேஜுன்னா காலையில மணி அடிக்கும். பொழுது போனப்புறம் எந்த ஊர்ல மாப்ளே காலேஜ் தெறக்கறாங்க? அதுவும் குடிக்கிற ஊர்ல?"

மாமியார் கதவோரம் நின்று, "தபால்ல கூட இப்ப பட்டம் தர்றாங்களாமே. ஊட்ல உக்காந்து படிக்கலாமில்ல?" என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"அதுல ஒண்ணும் வராதுங்க அத்தே."

"இதுல என்னா வந்துச்சு?" என்றார் மாமனார். "கெட்ட பேரு வந்துச்சு. மொதல்ல அத உட்டுட்டு வாங்க. அப்புறம் பொண்ண அனுப்பறேன்."

உள்ளே பிள்ளை அழுதான். தூக்கிக்கொள்ளக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது நடையில் என் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பாவுக்குக் கண்ணால பாத்தாத்தான் எதுவும் நம்பிக்கை. ஒருநாளு கூட்டிட்டுப் போயிக் காட்டுங்களேன்."

சனிக்கிழமைகளில் வகுப்பு மத்தியானமே நடக்கும். அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லி மாமனாரைக் கேட்டேன். என்ன நினைத்தாரோ, ஒத்துக்கொண்டார். கஞ்சி போட்ட ஜிப்பாவும் குடையுமாக ஓசூர் பஸ் நிலையத்தில் வந்து நின்றார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பரீட்சை எனக்கு, வினாத்தாள் அவர் கையில்.

வகுப்பில் அவரைக் கடைசி பெஞ்சில் உட்கார அனுமதித்தார்கள். நான் பாடத்தைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இருமினால் எனக்கு வியர்த்தது. கரும்பலகையைப் பார்த்தார். நரைத்த தலையோடு குறிப்பெடுக்கிறவரைப் பார்த்தார். தூங்கி விழுந்த ஒரு மெக்கானிக்கைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் முறைத்தார். முடிந்து வெளியே வந்ததும் குடையை விரிக்காமலே கொஞ்ச தூரம் நடந்தார்.

"பாடம் நல்லாத்தான் இருக்கு மாப்ளே. வாத்தியாருக்கும் குரல் இருக்கு." அப்புறம் மெல்ல, "நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல" என்றார்.

எனக்கு அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. பிள்ளைக்கு ஒரு தொட்டில் கம்பு வாங்க வேண்டும், எந்த விட்டத்தில் கட்டுவது என்றெல்லாம் மனம் ஓடிவிட்டது.

பஸ் அத்திப்பள்ளிக்கு வந்தது. சனிக்கிழமை, கூலி நாள். வெளிச்சம் இருக்கும்போதே வண்டி நிறைந்துவிட்டது. கொத்தனார் ஏறினார். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார்.

"ரா சாமி! நம்ம சாரு இல்லாம வண்டி போவுமா?" பக்கத்தில் மாமனாரைப் பார்த்தார். பார்வை கனிந்துபோனது. "பெரியவரு யாரு? புதுசா? பரவால்ல பெரியவரே, மொத நாளு அப்புடித்தான் மூஞ்சி சுருங்கும். போவப் போவ சரியாய்டும்."

பின்னாலிருந்து ஒருவன், "ஜிப்பா போட்டுக்கினு வந்து அடிக்கிறாருடா, கவுரவமான ஆளு!" என்றான். பஸ்ஸே சிரித்தது. கொத்தனார் அன்பு தாளாமல் மாமனார் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மாமனார் குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

சாவடியில் போலீஸ்காரர் ஏறினார். என்னைப் பார்த்து, "சார் நம்ம ஆளு, தெனமும் வர்றவரு" என்று கையசைத்துவிட்டு அடுத்த முகத்துக்கு நகர்ந்தார். அடுத்த முகம் மாமனாருடையது.

"பெரியவரே, ஊதுங்க."

"நான் ரிட்டையர்டு எட்மாஸ்டருப்பா."

"எட்மாஸ்டருக்கு வாய் இல்லியா? ஊதுங்க."

"ஐயா, அவர் என் மாமனார், அவருக்கு…" என்று நான் எழுந்தேன்.

"மாமனும் மருமவனும் ஒண்ணாவா? நல்ல குடும்பம்யா!" என்று யாரோ கத்தினான்.

அவர் ஊதினார். ஜிப்பாப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்த அந்த மனிதர் கண்களை மூடிக்கொண்டு, ஒரு போலீஸ்காரரின் மூக்குக்கு நேரே வாயைக் குவித்து ஊதினார். நான் வாழ்க்கையில் பார்க்கக் கூடாததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போலீஸ்காரர், "சரி, உக்காருங்க" என்றார்.

ஓசூரில் இறங்கி, கிருஷ்ணகிரி பஸ் வரும்வரை அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே நின்றார். வண்டி வந்து நின்றபின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க குடிக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு மாப்ளே."

"அப்ப நாளைக்கே வந்து…"

"எனக்குத் தெரிஞ்சா போதுமா? சபைக்கு யாரு சொல்றது? நானும் அந்த வண்டியில போயி வந்தேன்னு சொல்லணும். என்னைய ஊதச் சொன்னாங்கன்னு சொல்லணும். என்னால ஆவாது." குரல் உடைந்தது. "அந்த வண்டிய உட்டுருங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

நிஜமாகவே கும்பிட்டார்.

ஒரு வாரம் பைத்தியம் பிடித்தவன் போலத் திரிந்தேன். கொட்டகையில் இரண்டு இடத்தில் கூட்டல் தப்பிற்று, முதலாளி கத்தினார். படிப்பை விட்டால் நாற்காலி போகும். விடாவிட்டால் பிள்ளை நடக்கப் பழகுவதும் கிருஷ்ணகிரியில்தான். படிப்பின் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது பாடம் எப்படி, எத்தனை வருடம், அந்தப் பட்டத்துக்கு என்ன வேலை கிடைக்கும் என்று எல்லாரிடமும் விசாரித்தவன், அந்த வகுப்புக்குப் போய் வருகிற வழியில் யாரோடு உட்கார வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாருக்குத் தெரியும்? படிப்புக்கு விளக்கப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். பஸ்ஸுக்கு யார் அச்சடிக்கிறார்கள்?

பெங்களூருக்குப் போய் விலகல் கடிதம் கொடுத்தேன். பாடம் நடத்தியவர் ஒருமுறை யோசித்துப் பார்க்கச் சொன்னார். யோசித்தால் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்ததால் அங்கேயே கொடுத்தேன். என் இடத்துக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். தபால் படிப்புக்கு எழுதிப் போட்டேன். அதை முடித்தும்விட்டேன், ஆனால் வெகுகாலம் கழித்து. அதற்குள் முதலாளி வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர். சலாம் வைப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. ராத்திரியில் உறையைக் கிழித்துப் பாடம் படிக்கும்போதுதான் கஷ்டம். ஒரு கேள்வியைப் படித்துவிட்டு என்னையறியாமல் தலைநிமிர்ந்து பார்ப்பேன், யாராவது எதிர்த்துக் கத்துகிறார்களா என்று. சுவர்தான் இருக்கும்.

ஆனால் அதெல்லாம் பின்னால். கடிதம் கொடுத்ததை மாமனாருக்கு ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மாமனாரே மனைவியையும் பிள்ளையையும் கூட்டிவந்து ஓசூரில் விட்டுவிட்டு, வாசலோடு திரும்பிப் போனார். உள்ளே வரக் கூச்சம்.

அவள் மூட்டையை இறக்கிவைத்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மேசைமேல் அடுக்கி, சணலால் கட்டிவைத்திருந்த என் வகுப்புப் புத்தகங்களில் அவள் கண் நின்றது.

"ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?"

"விட்டுட்டேன்."

"எத?"

"அப்பா சொல்லலியா? அதுக்காகத்தானே அனுப்பினார்."

அவள் பிள்ளையை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றாள். "எங்கிட்ட சமாதானமாய்ட்டோம்னுதான் சொன்னாரு. நான் நேத்திக்கே பெட்டி கட்டிட்டேங்க. அவரு அனுப்பலேன்னாலும் காலைல பஸ்ஸேறி வந்துருவேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

நான் சணல் முடிச்சை நெருடிக்கொண்டு நின்றேன்.

"திரும்பப் போயிக் கேளுங்க. நாளைக்கே போங்க."

"வேற ஆளைச் சேத்துட்டாங்க."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. பிள்ளை என்னை அந்நியனைப் பார்ப்பது போலப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை என் கையில் திணித்தாள். "புடிங்க. வெந்நி வெக்கணும். சீமெண்ணெ எங்க இருக்கு?"

சீமெண்ணெய் இல்லை. அவன் அழுதுகொண்டே என் சட்டையைப் பிடித்துத் தள்ளினான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, டின்னை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.