எந்த விமானத்தில் வருவாள்

கல்யாணம் முடிந்த இருபத்தோராம் நாள் நான் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவில் வேலை பார்த்த தோட்டத்துக்குத் திரும்பினேன். லீவு அவ்வளவுதான். ஆறு மாதத்தில் மனைவி வந்து சேர்வாள் என்று இரு வீட்டாரும் பேசியிருந்தார்கள். எட்டு மாதம் ஆகியும் அவள் வரவில்லை.

ரந்தாவிலிருந்து லிங்கி போகும் பாதையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அதன் ஆபீசில் கணக்கெழுதும் இரண்டாவது கிராணி நான். ஒரு தமிழ்த் தினசரிக்கு வட்டாரச் செய்தியும் எழுதி வந்தேன்: கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, மரண அறிவித்தல். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் போரிட்ட அந்த அவசரகாலத்தில் அதற்கு மேல் எழுத இடமில்லை. எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பதைத்தான் அந்தப் பத்திரிகை எனக்கு முதலில் பழக்கியது.

ஒன்பதாம் மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. கொழும்புக்கு ரயிலில் போனாலே தனக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிறது, கப்பலில் அத்தனை நாள் எப்படி இருப்பது என்று எழுதியிருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரச்சினை கப்பல்தான் என்றால் அதற்கு வழி உண்டு.

துரை படித்து முடித்த ஆங்கிலப் பத்திரிகை மறுநாள் ஆபீசுக்கு வரும். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த இரண்டு கம்பெனிகளும் அதில் அரைப் பக்கம், கால் பக்கம் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தன. ஒன்று தன் பெயரைச் சிவப்பிலும் மற்றது நீலத்திலும் எழுதுவது வழக்கம். பத்திரிகை கறுப்பு வெள்ளைதான். சிரம்பானில் டிக்கெட் ஏஜெண்டு கொடுத்த விளம்பரப் புத்தகங்களில் நிறத்தைப் பார்த்துக்கொண்டேன்.

கட்டணம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அவர்கள் விலையைப் பற்றிப் பேசவில்லை; பயணி உட்காரும் கதிரையைப் பற்றிப் பேசினார்கள். சிவப்புக் கம்பெனியின் படத்தில் பணிப்பெண் ஒரு தட்டோடு குனிந்து நிற்பாள். உட்கார்ந்திருக்கும் பெண் கால் நீட்டியிருப்பாள். நீலக் கம்பெனி பணிப்பெண்ணைக் காட்டவே இல்லை. காதோரம் நரைத்த விமானி ஒருவர் வானத்தைப் பார்த்தபடி நின்றார். முதலாவது உபசாரத்தை விற்றது. இரண்டாவது பயமின்மையை விற்றது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆபீசில் ரப்பர் பால் உறைய வைக்கும் அமிலமோ மரம் சீவும் கத்தியோ வாங்குவதென்றால், இரண்டு கடைக்காரர்களின் விவரத்தையும் நடுவே கோடு போட்டு எழுதி, அடியில் சிபாரிசு என்று ஒரு வரி சேர்த்து துரையிடம் வைப்போம். என் மனைவிக்கும் அப்படியே ஒன்று தயாரித்தேன். கதிரை சாயும் அளவு, கால் வைக்க இடம், காதடைப்புக்குத் தரும் மிட்டாய், சைவச் சாப்பாடு, சத்தி எடுக்கக் காகிதப் பை, தனியே வரும் பெண்களுக்குச் செய்யும் உதவி. ஒரு வரியிலும் ஊகம் எழுதவில்லை.

விமானத்தில் ஏறியவர் என்று எனக்குத் தெரிந்த ஒரே ஆள் தோட்டத்து டிரெஸர். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், ஐம்பதை நெருங்கிய தனிக்கட்டை. தாயார் நோயில் கிடந்தபோது சிவப்புக் கம்பெனி விமானத்தில் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்திருந்தார். அவரை நேர்காணல் செய்வதுபோலத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

“சீட்டு நல்லா சாயும் லா கிராணி. ஆனா முன்னால இருக்கிறவனும் சாய்வான்ல? அவன் தலை என் மடியில.”

“சாப்பாடு?”

“அந்தப் பொண்ணு மிட்டாய்த் தட்டு கொண்டாந்துச்சு. நான் மரியாதையா ஒண்ணு எடுத்தேன். பக்கத்துல வெள்ளைக்காரன் கை நெறைய அள்ளிட்டான். அன்னைக்குத் தெரிஞ்சுகிட்டேன், மரியாதை பாத்தா காதடைச்சுப் போகும்.”

“சத்தி வந்ததா?”

“எனக்கு வரல. ஏன் கிராணி, பொண்டாட்டிக்கு லெட்டரா, பேப்பருக்கு நியூஸா?”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நாங்கள் அப்போது டின்னில் அடைத்த சார்டின் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கடைக்காரர் டின்னை விற்கும்போதே ஆணியால் துளை போட்டுத்தான் கொடுப்பார். காட்டில் இருப்பவர்களுக்குச் சேர்த்து அனுப்ப முடியாதபடி அந்த ஏற்பாடு. துளை போட்ட டின் மறுநாள்வரை தாங்காது. ஒரு டின் ஒருவருக்கு அதிகம். ஆகவே சனிக்கிழமை மத்தியானங்களில் அவரும் நானும் ஒரு டின்னைப் பங்கிட்டுக்கொள்வோம். மற்ற நாட்களில் நான் சார்டின் வாங்குவதில்லை.

இதை நான் மனைவிக்கு எழுதவில்லை. தோட்டத்தைச் சுற்றிய இரட்டை முள்வேலியையும், மாலை ஆறு மணிக்குப் பூட்டும் கேட்டையும், காலையில் பால்மரம் சீவப் போகும் பெண்களின் சோற்றுத்தூக்கைக் காவலர்கள் திறந்து பார்ப்பதையும் எழுதவில்லை. சிபாரிசு என்று கோடிட்டு, சிவப்புக் கம்பெனி என்று எழுதி, தபாலில் சேர்த்தேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. “விமானங்களைப் பற்றி எழுதியது விளங்கியது. அதில் நான் சில மணி நேரம் இருப்பேன். மிச்சக் காலம் இருக்கப்போகும் வீட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கிணறு வேலிக்கு உள்ளேயா? நீங்கள் ஆபீசில் இருக்கும்போது கதவைத் தட்டினால் யார் வருவார்கள்? பக்கத்து வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா?”

வேலி என்ற சொல்லை நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. அங்கேயும் பத்திரிகை வந்தது.

பக்கத்து வீடு பெரிய கிராணியுடையது. அவர் பயந்து குடும்பத்தோடு மம்பா பட்டணத்துக்குக் குடிபோய், பகலில் மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த கூரை ஆஸ்பத்திரி. நடந்தால் பத்து நிமிடம்; தொழிலாளர் குடியிருப்பு அதற்கும் அப்பால்.

கடிதத்தை டிரெஸரிடம் வாசித்துக் காட்டினேன்.

“பக்கத்துல பெரிய கிராணி சம்சாரம் இருக்காங்கன்னு எழுதுங்க,” என்றார். “வந்து எறங்கினப்புறம் என்ன செய்யப் போறாங்க? திரும்பியா பறப்பாங்க?”

“இல்லாததை எப்படி எழுத?”

“பேப்பர்க்காரன் பேசுற பேச்சா இது?” சிரித்தார். பிறகு டின்னின் அடியிலிருந்த கடைசித் துண்டை என் தட்டில் தள்ளினார். “சரி, உள்ளதையே எழுதுங்க. அப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியத் தொங்கப் போடக்கூடாது.”

உள்ளதை எழுதினேன். கிணறு இல்லை, குழாய்தான்; அது வேலிக்கு உள்ளே. கேட் ஆறு மணிக்குப் பூட்டும். கதவைத் தட்டினால் வர ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் பெண்கள் இல்லை, ஆண்களும் இல்லை. நான்கு வரிகள். எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது.

பக்கத்து வீட்டுக்கு ஒரு பெண் வரும்போது எழுதுங்கள், வருகிறேன் என்று பதில் வந்தது. வேறு குறை எதுவும் அதில் சொல்லவில்லை. எனக்கு அது கோபத்தைவிடப் பாரமாக இருந்தது. கோபமென்றால் சமாதானம் எழுதலாம்.

இரண்டு வருடம் அந்த வீடு பூட்டியே கிடந்தது. தினமும் ஆபீசுக்குப் போகும்போது அதன் பூட்டைப் பார்ப்பேன். துருப்பிடித்திருக்கும். விமானக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் புதிய விமானங்கள் வாங்கின, படங்களை மாற்றின. நீலக் கம்பெனியும் ஒரு பணிப்பெண்ணைக் கொண்டுவந்தது. கவனித்தேன், ஆனால் வெட்டி வைக்கவில்லை.

பெரிய கிராணி ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் மனைவியையும் மாமியாரையும் கூட்டி வந்தார். அன்றே எழுதினேன்: “பக்கத்து வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்த அம்மா சத்தமாகப் பேசுகிறார். நம் அடுப்படியில் நின்றால் கேட்கும்.”

ஏழாவது வாரம் அவள் வந்தாள். டிக்கெட் எடுத்தது அவளுடைய அண்ணன். எதில் இடம் இருந்ததோ அதில் எடுத்தாராம். நான் சிரம்பானில் ரயிலேறி சிங்கப்பூர் போய், விமான நிலையத்தில் நின்றேன். இறங்கி வந்தவர்களில் அவளை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. சேலையின் கரையைப் பார்த்து, இவளாக இருக்கலாம் என்று நினைத்தபோது அவள் என்முன் வந்து நின்றாள்.

இருபத்தொரு நாள் பழகியவளிடம் மூன்று வருடம் கழித்து என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“கதிரை எப்பிடி இருந்தது?” என்றேன்.

“கதிரை மாதிரித்தான்.”

“சத்தி எடுத்தனீரோ?”

“இல்லை. பக்கத்தில ஒரு சீன மனிசி. என்ர தோளில சாய்ஞ்சு நித்திரை கொண்டவா. அசைஞ்சா எழும்பிடுவா எண்டு நான் அசையேல்லை.”

பெட்டியை வாங்கிக்கொண்டேன். ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் எதிரே. இருவருக்கும் இடையில் இருந்த இடம் தாராளமாக இருந்தது.