விமான வளையத்துக்குச் சொன்ன ரேட்டு

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத்துப் பட்டறையில் மேஸ்திரி. வெளியிலிருந்து வரும் வேலைக்கு என்ன விலை சொல்லலாம் என்று முதலாளி அவரைத்தான் கேட்பார். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுதான் படிப்பு. ஆனாலும் ரேட்டு போடுகிறவரின் பெண்சாதி என்று ஆரம்பாக்கத்தில் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

புதுச் சாமான் வந்தால், முன்பு செய்ததில் எதைப் போல இருக்கிறது என்று பார்ப்பார். அதைவிடக் கனமா, லேசா என்று கையில் தூக்கிப் பார்ப்பார். பிறகு ரேட்டு சொல்வார். பம்புசெட்டு, ரைஸ்மில் சாமான் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். தப்பினதில்லை.

எழுபதுகளில் ஒருநாள், விமான இன்ஜினுக்கு வளையம் செய்ய வேண்டும் என்று அளவு போட்ட படம் வந்தது. மாதிரிச் சாமான் கிடையாது, வெறும் தாள். தாளைத் தூக்கிப் பார்த்தால் என்ன தெரியும்? வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“இந்தாமே, அடுப்பு பூசற மண்ணு கீதா? கொஞ்சம் பெசஞ்சி குடு.”

“இன்னாத்துக்கு? ஏரோப்ளேன் செய்யப் போறியா?”

“ஆமா, உன்ன ஏத்திக்கினு போவத்தான்.”

படத்தில் உள்ள அளவுக்கே மண்ணில் வளையம் பிடித்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “பம்பு வளையத்துல பாதிதாம்மே. ஏரோப்ளேனாச்சேன்னு பம்பு ரேட்டுக்கு மேல கொஞ்சம் போட்டா போதும்” என்றார்.

அந்த ரேட்டுக்கே வேலை கிடைத்தது. முதலாளி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்பினார்.

பிறகுதான் வினை. அந்த உலோகம் வெட்டுகிற டூலையே மழுங்க அடித்ததாம். வளையம் மெல்லிசு, இறுக்கிப் பிடித்தால் கோணிக்கொண்டதாம். பம்பு வளையம் கொஞ்சம் தப்பினால் வாஷர் வைத்துப் பூட்டிவிடலாம். விமானத்துக்கு அதெல்லாம் ஆகாது. அளவு பார்க்கிற இன்ஸ்பெக்டர், தேறாததற்குச் சிவப்புப் பெயிண்டு அடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். இவர் தேறுகிற வளையத்துக்கு ரேட்டு போட்டாரே தவிர, கெட்டுப்போகிறதையும் சேர்த்துப் போட இவருக்குத் தோன்றவில்லை. பட்டறைக்குப் பெரிய நஷ்டம்.

முதலாளி திட்டவில்லை. “விடு மேஸ்திரி” என்றதோடு சரி.

“ரெண்டு வார்த்த திட்டியிருந்தா தாங்கிக்குவேன்மே” என்றார் என்னிடம்.

“அடுத்த படம் வர்ட்டும். உன்னியத்தான் கேப்பாங்க. உன்ன உட்டா அங்க யாரு கீறாங்க?” என்றேன். அதையே நம்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். நான் ரயிலேறிக் கொண்டுபோனேன். பட்டறை கேட்டில் நிற்கும்போது ஜீப்பில் வந்த ஒருவர் முதலாளியிடம் சுருட்டிய படத்தைக் கொடுத்தார். உள்ளே இவர் மிஷினை நிறுத்தினார். எண்ணெய்க் கையை வேஸ்ட் துணியில் துடைத்தார். விரல் இடுக்கெல்லாம் துடைத்துவிட்டு நேராக நின்றார்.

“சாப்ட்டாச்சா மேஸ்திரி?” என்று கேட்டுக்கொண்டே முதலாளி அவரைக் கடந்து, புதிதாய்ச் சேர்ந்திருந்த இன்ஜினியரின் அறைக்குள் போய்விட்டார்.

இவர் துடைத்த கையோடு நின்றார். அப்புறம் மிஷினைப் போட்டார்.

நான் கேரியரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம், “நீயே வந்தியாமே? ஏன் கூப்புடல?” என்று கேட்டார்.

“ரயிலுக்கு நேரமாயிடுச்சி.”

கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

“படம் ஒண்ணு வந்துகீது. நாளைக்கு என்னியக் கேப்பாங்க” என்றார்.

“கேப்பாங்க” என்றேன்.