வாங்குவேன் என்று சொன்ன நாலு பேர்

பெயர் அச்சடிக்காத வெள்ளைப் பாக்கெட்டில் சலவைத்தூள். அந்த நெடி தோள்பையில் ஏறி, சட்டையில் ஏறி, மத்தியானம் பிரிக்கிற தயிர்சாதம் வரைக்கும் ஏறியிருக்கும். மீனவர் ஊரான பிள்ளைச்சாவடியில் இறங்கினால் கருவாட்டு வாசனையும் அதோடு சேர்ந்துகொள்ளும்...

என்னை மளிகை மொத்த வியாபாரியாக மட்டும் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். என் முதல் வேலை சர்வே எடுப்பது. பெரிய கம்பெனிகள் ஒரு பொருளைக் கடைக்கு அனுப்பும் முன், ஜனங்களுக்குப் பிடிக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு வரச் சொல்வார்கள். கோயிலில் கிளம்பி வலது கைப்பக்கமாகவே நடக்க வேண்டும். ஒரு வீட்டில் பேசினால் அடுத்த சில வீடுகளை விட்டுவிட வேண்டும். தெரிந்த வீடாகப் பார்த்து நுழைந்துவிடக் கூடாது, அதற்குத்தான்.

எங்கள் சூப்பர்வைசர் மும்தாஜ் அக்கா. பாண்டி முல்லா வீதிக்காரர். நாங்கள் போய் வந்த வீடுகளில் சிலவற்றுக்கு அவர் மறுபடி போவார். உண்மையிலேயே வந்தோமா, அவர்கள் சொன்னதைத்தான் எழுதினோமா என்று பார்க்க. பேக் செக் என்போம்.

பிள்ளைச்சாவடியில் மீன் விற்கிற அம்மா ஒருவர். துவைத்துப் பார்க்க நான் கொடுத்த தூள் "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லியிருந்தார். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மீதி பாக்கெட்ட காட்டுங்கம்மா."

அந்த அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். புடவைகளுக்கு நடுவில் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது.

"வாசனையா இருந்துச்சா, துணிக்கு நடுவுல வச்சிட்டேன்."

"அப்புறம் தொவைச்சேன், நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்க?"

"நல்லாருக்குன்னு சொன்னா என்னா கொறஞ்சு போவுது? அந்தப் புள்ள வெயில்ல அலைஞ்சு வந்து கேக்குது. மூஞ்சிக்கு நேரா நல்லால்லன்னா சொல்ல முடியும்?"

அக்கா பேப்பரில் அந்தப் பதிலை அடித்துவிட்டார். தெருவுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"இனிமே மூஞ்சிய மூடிகிட்டு போடா."

அப்புறம்தான் சிரித்தார்.

நான் சீக்கிரமே அந்த வேலையை விட்டேன். அதில் வயிறு நிறையாது. பிஸ்கட் ஏஜென்சி, எண்ணெய் ஏஜென்சி, பிறகு சொந்தக் கடை. போன வருஷம் சொந்தப் பெயரில் மீன் குழம்பு மசாலா போட நினைத்தேன். அதற்கு வீட்டை வைத்து பேங்கில் கடன் எடுக்க வேண்டும். ஜனங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று இருந்தேன்.

அக்காவைத்தான் கூப்பிட்டேன். அவருக்கும் வேலை தேவைப்பட்டது. பேப்பர் போய் டேப்லெட் வந்து, டேப்லெட் போய் போன் வந்து, கடைசியில் பாண்டி ஆபீஸையே மூடிவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் வேறு.

அக்கா சர்வேக்குக் கனகசெட்டிக்குளம் போனார். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகள்தான் எங்களுக்குக் கதவைத் திறக்காது. மீனவர் தெருக்களில் பாய் போட்டு உட்கார வைப்பார்கள். இப்போது எல்லாக் கதவும் ஒன்றுதான், திறப்பதில்லை. எப்படியோ ஒரு வீட்டில் பேசி முடித்து, கடைசியில் போன் நம்பர் கேட்டிருக்கிறார். பேக் செக் பண்ண வேண்டுமே...

அதே தெருவில் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு பெண்ணிடம் நம்பர் வாங்கி, ஓடிபி வாங்கி, அக்கவுன்டை எவனோ துடைத்திருக்கிறான்.

தெரு ஜனங்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்: "இந்தப் பொம்பளைய வீட்டுக்குள்ள விடாதீங்க."

நான் போய்த்தான் அழைத்து வந்தேன். வண்டியில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அவங்க மேல தப்பில்ல தம்பி."

அதோடு தெருவில் இறங்குவதை நிறுத்திவிட்டார்.

சென்னையில் ஒரு ஆன்லைன் கம்பெனியிடம் கொடுத்தேன். பாக்கெட் படத்தையும் விலையையும் போனில் காட்டி, வாங்குவீர்களா என்று கேட்பார்கள். பதில் சொல்பவர்களுக்குப் பாயின்ட். பாயின்ட் சேர்ந்தால் கூப்பன். ஒரே வாரத்தில் கலர் கலராக ரிப்போர்ட் வந்தது. பாண்டிப் பெண்களுக்குப் பிடித்திருக்கிறதாம். காலேஜ் பையன்களுக்குக்கூட பிடித்திருக்கிறதாம்.

கையெழுத்துப் போட்டேன்.

சில மாதங்களில் கடைகளிலிருந்து விற்காத மசாலாப் பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். யார் யார் பதில் சொன்னார்கள், ஒரே ஒரு அட்ரஸ் கொடுங்கள், நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"அட்ரஸ்லாம் தர முடியாது சார். அடுத்த வாட்டி ஆளே தேவையில்ல. உங்க கஸ்டமர் மாதிரியே ஏஐ பதில் சொல்லிடும். ரேட்டும் கம்மி."

அந்த வாரம் அக்கா வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா சுவரோரம் உட்கார்ந்து கட்டைவிரலால் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு பழைய போன்.

"என்னாக்கா, கேமா?"

"சர்வேடா. இதுல நான் காலேஜ் பையன், பைக்கு வாங்கப் போறேன். அதுல கருவடிக்குப்பம் டீச்சரம்மா. கூப்பன்ல கொஞ்சம் மளிகை வருது."

பேக் செக்குக்கு வெயிலில் பஸ் ஏறிப் போன மனுஷி. அவரே சொன்னார்.

"உன் மசாலாகூட வந்துச்சு. பாக்கெட்ட பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. நாலு அக்கவுன்ட்ல நாலு பேரா இருந்து, கண்டிப்பா வாங்குவேன்னு போட்டேன்."

"யக்கா..."

"பின்ன? உன் பொருளுடா. வாங்க மாட்டேன்னா போட முடியும்?"

டீ போட எழுந்து போனார்.

இவர் நாலு பேர். அந்த ரிப்போர்ட்டில் மீதிப் பேர் யார் யாரோ... அந்தக் காலத்திலும் ஜனங்கள் எங்களிடம் பொய் சொன்னார்கள். ஆனால் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. காட்டச் சொன்னால் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். இப்போது திறந்து பார்க்க இருப்பதெல்லாம் என் குடோன்தான். உள்ளே போனால் மசாலா நெடி சட்டையில் ஏறுகிறது.

அக்கா டம்ளரை நீட்டினார்.

"எப்படிடா போவுது மசாலா?"

மூஞ்சிக்கு நேராகக் கேட்கிறார்.

"நல்லா போவுதுக்கா" என்றேன்.