கை தூக்கிய கூட்டம்

எங்கள் உப்பளத்துக்கு உப்பங்கழியிலிருந்து ஒரு வாய்க்காலில் தண்ணீர் வரும். அந்த வாய்க்காலை ஒட்டி ஒரு ரிசார்ட். சின்னதாக இருந்தவரை அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள், நாங்கள் பாட்டுக்கு இருந்தோம். பிறகு வாய்க்காலைத் தாண்டியும் காட்டேஜ் கட்டக் கிளம்பினார்கள்.

அது கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இடம். கட்ட கவர்மெண்ட் அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் அதிகாரி வந்து ஊர் சனத்திடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். கேட்டார்கள். ரிசார்ட் புல்தரையில் பந்தல் போட்டு, ரிசார்ட் பிரியாணியைத் தின்றுவிட்டுக் கேட்டார்கள்.

நான் எழுந்து, வாய்க்கால் அடைந்தால் உப்பளம் போச்சு என்று சொன்னேன். குறித்துக்கொண்டதாக அதிகாரி சொன்னார். அவர் கையில் பேனா இல்லை. இளநீர் இருந்தது.

அப்புறம் ரிசார்ட் மேனேஜர் மைக்கைப் பிடித்தார்.

"புது காட்டேஜ் வந்தா நிறைய வேலை இருக்குது. வேலைக்கு யார் யார் வர்றீங்க? கை தூக்குங்க."

உப்பளத்தில் தினம் காலையில் மேஸ்திரி வரப்பில் நின்று இதைத்தான் கேட்பார். முந்திக் கை தூக்கினால் அன்றைக்கு வேலை. என்ன ஏது என்று யோசிக்கிறவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில் பந்தலே கை தூக்கியது. தூங்கிக்கொண்டிருந்த கிழவரும் தூக்கினார். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்று எனக்காம். ஒருத்தன் போட்டோ எடுத்தான். எல்லோருக்கும் சம்மதம் என்று சொல்லி அதிகாரி வண்டி ஏறிவிட்டார்.

வரும் வழியில் கேட்டேன்.

"இன்னாத்துக்குய்யா தூக்கின?"

"வேலைன்னான். தூக்கினேன்."

"இருக்கிற வேலையே போவப் போவுது."

"எல்லாருந்தான தூக்கினாங்க."

இதற்கு மேல் அந்த ஆளிடம் பேசி என்ன ஆகும்?

அனுமதி தரக் கூடாது என்று மனு எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்தவர் மனுவைப் படிக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தப் போட்டோவைக் காட்டினார். திருடன் போலீசில் மாட்டின மாதிரி என் வீட்டுக்காரர் நிற்கிறார். பக்கத்தில் நான் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

"இவர் ரெண்டு கையும் தூக்கியிருக்காரேம்மா" என்று சிரித்தார். அவருக்கு அதோடு வேலை முடிந்தது.

அனுமதி வந்தது. மதில் வந்தது. வாய்க்கால் இருந்த இடத்தில் ஒரு பைப்பைப் புதைத்தார்கள். முதல் மழைக்கே மண் அடைத்துக்கொண்டது. பாத்திகள் காய்ந்து வெடித்தன. மேஸ்திரி வருவதை நிறுத்திவிட்டார். காட்டேஜ் வேலைக்கு ஏஜென்சி ஆட்கள் வந்தார்கள். கை தூக்கியவர்களும் தூக்காத நானும் கிளியனூர் பக்கம் களை எடுக்கப் போனோம்.

அடுத்த கோடையில் மேனேஜரே தெருவுக்கு வந்தார். புது காட்டேஜுக்கு 'உப்பள வியூ' என்று பேர் வைத்து வாடகையைக் கூட்டியிருந்தார்கள். வந்து தங்குகிறவர்கள் ஜன்னலைத் திறந்தால் காய்ந்த சேறுதான் தெரிந்தது.

"ஏம்மா, இன்னும் உப்பு போடலையா? கெஸ்ட்டுங்க கேக்குறாங்க."

"தண்ணி இல்லீங்க."

"ஏன்?"

நிஜமாகவே கேட்டார். மதிலைக் காட்டினேன். யாரோ கட்டிவிட்டுப் போனதைப் போல அதைப் பார்த்தார். வேறு எங்காவது நாலு மூட்டை உப்பு வாங்கிக் குவித்துவைக்க முடியுமா, காசு கொடுத்துவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

"வாய்க்காலத் தொறந்து வுடுங்க. உப்பு அதுவா வெளையும்" என்றேன்.

அந்த வாரமே மதிலை வாய்க்கால் அகலத்துக்கு இடித்து, பைப்பையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பந்தல் இல்லை, பிரியாணி இல்லை, அதிகாரி இல்லை. யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. தண்ணீர் வந்தது.

எல்லோருமாகப் போய் மேனேஜருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்றார் மேஸ்திரி. என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடப் போனார். நான் போகவில்லை. பாத்தி மிதித்துத் தரையை இறுக்குகிற வேலை கிடந்தது.