செந்தண்ணீர் இல்லாத வெள்ளம்

குமாரபாளையத்துக்கு மேலே, காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். அங்கே முப்பது வருஷமாகப் பரிசல் ஓட்டியவர் சென்றாயன். ஆற்றைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்துவிட்டு யாரும் மீள முடியாது. வெள்ளம் வருகிறதென்றால் முதலில் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறும்; சருகும் நுரையும் மிதந்து வரும்; அதற்குப் பிறகுதான் ஆறு ஏறும். இந்த அடையாளத்தை நம்பித்தான் அவருடைய அப்பனும் பிழைத்தார், அவரும் பிழைத்தார். மனுஷனுக்கு அதில் கர்வம் கொஞ்சம் அதிகம்தான்.

மேட்டூரில் அணை கட்டி, தேக்கிய தண்ணீரைத் திறந்துவிட்ட முதல் வருஷம் அது. தண்ணீர் வரப்போகிறது, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று கரையோர ஊர்களில் தமுக்கு அடித்துவிட்டுப் போனார்கள். சென்றாயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு சொல்லாததையா தமுக்கடிக்கிறவன் சொல்லப்போகிறான் என்று துறையில் எல்லோர் காதிலும் விழும்படி பேசினார்.

மறுநாள் காலையில் சிரிக்க நேரமில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பாவாயிக்குக் குழந்தை குறுக்கே நின்றுவிட்டது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். எதிர்க்கரைக்குத் தாண்டி பவானி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு. பரிசலில் வைக்கோலைப் பரப்பி மகளைப் படுக்க வைத்தார்கள்.

"பாறைப் பக்கம் வேண்டாமுங்க. கரையோரமாவே கீழ போயி, ஆறு அகலமா இருக்கற எடத்துல தாண்டிக்கலாம்" என்றாள் கூடவே ஏறிக்கொண்ட மனைவி அத்தாயி.

சுற்றுவழிதான். இருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டார்.

பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். பாவாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு துடித்தாள். முடியலீங்கய்யா என்று முனகினாள். பெற்ற மனசு எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்கும்? நடு ஆற்றில் இரண்டு பாறைகளுக்கு இடையே குறுக்குவழி ஒன்று உண்டு. கோடையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு போய்வருகிற வழி. தண்ணீரைக் குனிந்து பார்த்தார். கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. ஆனால் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

"செந்தண்ணி வரலெ புள்ளெ. ஒண்ணும் ஆவாது" என்று அத்தாயியிடம் சொல்லிவிட்டுப் பரிசலைத் திருப்பினார்.

அணையில் தேங்கிய தண்ணீர் மண்ணையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுத் தெளிந்து வரும் என்பது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அவர் குனிந்து பார்த்ததே வெள்ளத்தைத்தான். அந்தச் சந்தில் வழக்கமாக வெளியே தெரிகிற சின்னப் பாறைகளெல்லாம் முழுகிக் கிடந்தன. சந்தில் நுழைந்ததும் பரிசல் சுழன்று மோதி, அடித்தோல் கிழிந்தது. அத்தாயி அவர் தோளைப் பற்றிக்கொண்டாள். மகளைப் பிடிக்க அவர் நீட்டிய கையில் வைக்கோல்தான் வந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு திட்டில் தொற்றி ஏறினார்கள். சற்றுக் கீழே, பாறை இடுக்கில், பாவாயியின் மஞ்சள் சேலை தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அவர் குதிக்கப் போனார்.

"நீங்களும் போயிட்டா நா யாரெப் பாக்கறதுங்க" என்றாள் அத்தாயி.

ஏன் வழியை மாற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரையிலிருந்து ஆட்கள் கயிற்றோடு வரும்வரை அவர் வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.