எங்கள் நடுகல்லுக்கு ஆதாரம் கேட்டவருக்கு

நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில், எங்கள் மலையூரான நெல்லிவாசல்நாட்டின் நடுகல் 'காட்டில் கேட்பாரற்றுக் கிடந்தது' என்று இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகத்துக்கு லாரியில் ஏற்றும்வரை ஊர்க்காரர்கள் நாங்கள் அதற்கு வருடாவருடம் பொங்கல் வைத்தோம்.

அதை எழுதினேன். சக தொகுப்பாளர் ஒருவர் ஆதாரம் கேட்டு மூன்று முறை அழித்துவிட்டார். அவர் காட்டும் ஆதாரம், அருங்காட்சியகத்தில் கல்லருகே இருக்கும் பலகை.

இன்று அங்கேயே போய் அலுவலரைக் கேட்டேன். "பலகையில இருக்கறத எங்கேர்ந்து எடுத்தீங்க சார்?"

"இணையக் கலைக்களஞ்சியத்துலேர்ந்துதாம்மா."

"அவங்க உங்க பலகையத்தான் ஆதாரமா காட்டுறாங்க."

"சரி, நீங்களே எழுதிக் குடுங்க. மாத்திடலாம்."

"நான் எழுத மாட்டேன் சார். பொங்க வெச்ச சனங்க மலையிலதான் இருக்காங்க. வந்து கேட்டு எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் மலைக்கு வருகிறார்.

அழித்த நண்பரே, அந்த ஜீப்பில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது.