பதுளைக்குப் பஸ்ஸேறிய பழைய டிஸ்க்

மடுல்சீமைப் பக்கத்துப் பொன்னையா கங்காணிக்கு மூணு பொம்பளைப் பிள்ளைங்க. நடுவுள்ளவள் பெரியாயி. பெரியாயி பெத்த ஒரே மகள்தான் ஜீவராணி. அந்த வம்சத்திலேயே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து சம்பாதித்த முதல் ஆள்.

ஆசைப்பட்டு இறக்கி வைக்கவில்லை. போன வருசம் மலையில் குளவி கொட்டி, முகமெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவளுக்கு அதுக்குப் பிறகு தேயிலைக்குள் கால் வைக்கவே நடுக்கம். கொழும்பில் வேலை செய்யும் கொழுந்தன் கொடுத்த பழைய லேப்டாப்பில் கல்யாணக் கார்டு, சடங்குக் கார்டு அடிக்கப் பழகினாள். கோயில் திருவிழா நோட்டீசும் இந்த முறை அவளிடம்தான் வந்தது. வந்த கையோடு லேப்டாப் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக் கறுத்துப் போனது. ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நோட்டீஸ் முடியாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் திரும்பவும் விடியலில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலை ஏற வேண்டியதுதான்.

பதுளை டவுனில் எது வாங்கணும் என்றாலும் பஸ் கண்டக்டர் நிஷாந்திடம் சொல்லிவிடுவது அங்கே வழக்கம்.

"தம்பி, லேப்டாப்புக்குப் போடுற டிஸ்க், ஐந்நூறு ஜீபி" என்று சொல்லி அனுப்பினாள்.

சாயந்திர பஸ்ஸில் வந்தது விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால், பழையது உட்கார்ந்திருந்த இடம் உள்ளங்கை அகலம்.

மூத்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, யானை படுத்த எடத்துல எலியப் படுக்கப் போடுற?"

ஜீவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்தவள் கண்ணில் வாசலில் கிடந்த நாத்தனாரின் செருப்பு பட்டது. லயத்து வீடுகளில் யாரும் செருப்புக்கு நம்பர் சொல்லி அனுப்புவதில்லை. பழைய செருப்பில் ஒன்றைத்தான் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள்.

"செருப்புக்கு இருந்த புத்தி டிஸ்க்குக்கு இல்லாமப் போச்சே" என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை, பழைய டிஸ்க்கும் பச்சைத் தகடும் ஒரு சோப்புப் பெட்டிக்குள் பஸ்ஸேறின.

மத்தியானம் பதுளைக் கடைக்கார அலவி போனில் கோல் எடுத்தார். "தங்கச்சி, இப்பதான் வெளங்கிச்சு. அந்தப் பச்சைத் தகடு புது மெஷினுக்குப் போடுற டிஸ்க். ஒங்கட மெஷின் பழசு, இந்த அகலமானதுதான் கொளுவும். அதுலயும் ரெண்டு சாதி. ஒண்டு பழசு போல உள்ளுக்குத் தட்டு சுத்துறது, எடம் கூட. மத்தது எஸ்எஸ்டி. உள்ளுக்குச் சுத்துறதுக்கு ஒண்டுமில்ல. எடம் பாதிதான், ஆனா வேகம்."

"குலுங்கினா எது தாங்கும், அலவி நானா?"

"சுத்தாததுதான்."

"அப்ப அதையே குடுங்க. எங்க ரோட்டுல வந்து சேரணுமில்ல."

அலவி சிரித்தார். "இது பழசவிட மெல்லிசு. ஆடாம இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டமும் வைக்கிறேன். விண்டோஸ் பென்டிரைவ்ல வருது. நீங்களே போடுங்க, நான் போன்ல சொல்லித்தாரேன்."

சாயந்திரம் சட்டத்தோடு புது டிஸ்க்கைத் தள்ளினாள். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அலவி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அமத்தினாள். திரை நீலமாய் வெளிச்சம் கொடுத்தது. பழைய கார்டுகள் போனது போனதுதான். வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பியதில் கொஞ்சம் போனில் மிச்சம் இருந்தது.

வியாழன் விடியலில் கூடையோடு புறப்பட்ட நாத்தனார் வாசலில் நின்றாள். "என்னடி, யானை எழும்பிருச்சா?"

"எழும்பிருச்சு மதினி. நீங்க மலையால வாரப்ப நோட்டீஸ் பாக்கலாம்."

"உபயகாரங்க வரிசையில என் மகன் பேரு மேல இருக்கணும், சொல்லிட்டேன்."

"முதல்ல சாமி பேரைப் போட விடுங்க" என்று ஜீவராணி லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.